தங்க அட்டைக்காரர்களின் துணிமூட்டை

என் இளைய மகன் உல்லாசக் கப்பலில் சலவைக்காரன். திரும்பத் திரும்ப வரும் பயணிகளுக்குக் கப்பல்காரர்கள் தங்க அட்டை கொடுப்பார்களாம்; அது இருந்தால் துணி துவைக்கக் காசில்லை. சும்மா கிடைத்தால் விடுவார்களா? உடுத்தாத சட்டையைக்கூட மூட்டையில் போடுவார்களாம். அத்தனையும் இவன் இடுப்பில்தான் விடியும்.

விடுப்பில் வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீயும்தான் வருஷா வருஷம் அதே கப்பலுக்குப் போற. உனக்கு என்னடா அட்டை?"

"பழைய மெஷினை எனக்கே குடுப்பாங்கம்மா. வேற யார் தொட்டாலும் அது ஓடாது," என்று சிரித்தான். சிரிக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

அவன் அழுக்குத்துணியை வாளியில் அள்ளினேன். பின்னாலேயே வந்து வாளியைப் பிடுங்கப் பார்த்தான். "குடும்மா, நான் துவைச்சுக்கறேன்."

நான் விடவில்லை. "இந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வர்றவன் நீதான். போய்ப் படு."

படுத்தான். சோற்றுக்கும் எழவில்லை, நானும் எழுப்பவில்லை.