பேசிலும் தழைத்திடலும்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், புதிதாய் எழும்பிய தாமான் குடியிருப்புகளுக்கு நடுவே, எண்பதுகளில் நகராண்மைக் கழகம் ஒரு திடலை வேலி போட்டு ஒதுக்கியது. வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய புல், கிளை, வாழைமட்டை எல்லாவற்றையும் ஜனங்கள் அங்கே இலவசமாகக் கொட்டலாம். மட்கிய பிறகு எருவாக அள்ளிக்கொண்டும் போகலாம். தழைத்திடல் என்று பேராகிப் போன அந்த இடத்தின் சாவி பேசிலிடம் இருந்தது.

பேசில் ரயில்வேக்காரர் மகன். அப்பா எந்நேரமும் லைனில் கிடப்பார். அம்மா இறந்தபோது தம்பி டொமினிக்குக்குத் தானாகச் சட்டை பொத்தான் போடக்கூடத் தெரியாது. குளிப்பாட்டி, சோறு ஊட்டி அவனை ஆளாக்கியது பேசில்தான். அந்த மும்முரத்தில் தனக்கு ஒரு கல்யாணம் என்பதே அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது. டொமினிக் வளர்ந்து, கெர்ட்ரூடைக் கட்டி, கடனுக்கு லோரி எடுத்து, பழைய வீடுகளை இடித்துப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கினான். அப்போதும் அண்ணனுக்கு அவன் வீட்டின் முன்னறைதான்.

திடல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு திங்கட்கிழமைகளில் கேட்டைத் திறந்தால் தழைக் குவியலுக்குள் சிமெண்ட் கட்டியும் உடைந்த ஓடும் கழற்றிப்போட்ட பலகையும் கிடக்க ஆரம்பித்தன. அவற்றைப் பொறுக்கி அள்ள ஆட்கள், ஏற்றிப்போகத் தனி லோரி என்று கழகத்துக்குச் செலவு ஏறிக்கொண்டே போனது.

கழகத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் கனகலிங்கம் ஒருநாள் பேசிலைத் தனியாக அழைத்தார். "இப்படியே போனா திடலை இழுத்து மூடச் சொல்லிருவாங்க பேசில். பூட்டு உடையல. சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

பேசில் ஆமாம் என்று சாவியை எடுத்துக் காட்டினார். தன்னைச் சந்தேகிக்கிறார் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவருக்கு உறைத்தது.

அடுத்த வாரம் மாரியாயியின் காலில் ஆணி ஏறியது. தழையை வாரிக் குவிக்கும் கூலிக்காரி அவள். தழைக்கு அடியில் கிடந்த பலகையை மிதித்துவிட்டாள். மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. புண் ஆறாமல் கறுத்துக்கொண்டே போக, கடைசியில் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

கால் எடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பேசில் சர்ச் பூசைக்குப் போகவில்லை. திடலின் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறும் நேரத்தில் ஒரு லோரி வந்து நின்றது. இறங்கியவன் சாவி போட்டு நிதானமாகக் கேட்டைத் திறந்தான்.

"டேய்... நீயா?"

டொமினிக் திகைத்து நின்றான். "அண்ணே! சர்ச்சுக்குப் போகலையா?"

"சாவி ஏதுடா?"

"நீ குளிக்கறப்ப எடுத்துட்டுப் போயி ஒண்ணு வெட்டிக்கிட்டேன். கோவிக்காத லா."

"மாரியாயிக்குக் காலு போச்சுடா."

"நான் ஒருத்தனா கொட்டுறேன்? தாமான் பூராவும் கொட்டுது. எங்க லோரியிலருந்துதான் அந்த ஆணி வந்துச்சுன்னு யாரு கண்டா? லோரிக்குத் தவணை கட்டணும் அண்ணே. நீ கொஞ்சம் கண்டுக்காம இரு."

அன்று மத்தியானம் கெர்ட்ரூட் பரிமாறிய சோற்றை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் பேசில் கனகலிங்கத்தின் மேசை முன்னால் போய் நின்றார். "ஆளு யாருன்னு தெரிஞ்சிருச்சு சார். என் தம்பிதான்."

கனகலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. புகாரா எழுதிட்டா அப்புறம் என் கையில இல்ல."

"எழுதுங்க சார்."

அபராதம் வந்தது. விசாரணை முடியும்வரை லோரியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வேலை நின்றது, தவணை நின்றது. கடைசியில் கடன் கொடுத்தவர்களே வந்து லோரியை ஓட்டிக்கொண்டு போனார்கள். டொமினிக் கத்தவில்லை, சண்டை போடவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "வேற எங்கயாச்சும் ரூம் பாத்துக்க அண்ணே. உன்னப் பாத்தா எனக்குச் சோறு இறங்கல," என்றான். கெர்ட்ரூட் அழுதுகொண்டே அவர் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

பேசில் மாரியாயியைப் பார்க்கப் போனார். அவளாவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்திருப்பார்போல. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்யா சொன்னீங்க? எனக்கென்ன திரும்பக் காலா முளைக்கப் போகுது? உங்களுக்கு இருந்தது ஒரே தம்பிதானேய்யா!"

பூட்டை மாற்றினார்கள். குப்பை நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியிலும் வேலிக்கு மேலாகவும் யார் யாரோ வீசிவிட்டுப் போனார்கள். அள்ளும் செலவு கட்டுப்படியாகாது என்று அந்த வருஷக் கடைசியில் திடலையே மூடிவிட்டார்கள். பேசிலைப் பாசார் சந்தையில் சாக்கடை கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று அவர் கேக் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். கெர்ட்ரூட் கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு நடுவே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அவரு தூங்குறாரு அத்தான்." உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இருமல் கேட்டது. சின்னதில் எத்தனையோ முறை நெஞ்சில் தைலம் தேய்த்து அவர் அடக்கிய இருமல்.

"எழுப்பாதம்மா, தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பேசில் பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த வருஷமும் போனார். கேட்டில் வேறொரு குடும்பத்தின் துணிகள் காய்ந்தன. பெட்டாலிங் ஜெயா பக்கம் போய்விட்டதாக அண்டை வீட்டில் சொன்னார்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.