ஞாயிறு சிகிரியா, திங்கள் பெரியம்மா

குன்றின் உச்சியில் இருக்கும் சிகிரியாக் கோட்டையில் ஏற வேண்டும் என்ற ஆசை அம்மாவை அறுபத்தாறாம் வயதில் பிடித்தது. முழங்கால் முற்றாகப் போவதற்குள் மேலே நின்று ஒரு படம் எடுக்க வேண்டுமாம். அதற்காக ஒரு மாதம், பின்னேரங்களில், புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அக்கராயன் குளக்கட்டில் ஏறி இறங்கினார். மாடுகளைப் பட்டிக்குச் சாய்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாடகைக்கு வான் பேசியதும், அயல் வீடுகளில் ஆள் சேர்த்ததும், வழியில் எந்தக் கோயிலில் தேங்காய் உடைப்பது என்று முடிவெடுத்ததும் நான்தான்.

ஞாயிறு பயணம் என்று இருந்த அந்தக் கிழமைதான் பூவரசங்குளத்திலிருந்து பெரியம்மாவின் மகள் போன் எடுத்தார்.

“அம்மா ஏலாமல் கிடக்கிறா. சித்தியை ஒருக்காப் பாக்கவேணுமெண்டு கேக்கிறா.”

அம்மாவும் பெரியம்மாவும் கதைத்துப் பத்து வருடம். என் கலியாணத்துக்கு அம்மா நேரில் போய்ச் சொல்லாமல் கார்ட்டைத் தபாலில் போட்டுவிட்டார். சொந்தத் தமக்கைக்குத் தபாலிலா அழைப்பு? பெரியம்மா வரவில்லை. வராததை அம்மா மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டில் பிழை விட்டவருக்குத்தான் கோபம் கூடுதல்.

வான் வவுனியாவால்தானே போகும், பூவரசங்குளம் பக்கம்தானே, வழியில் பார்த்துவிட்டுப் போவோம் என்றேன் அம்மாவிடம்.

“கோயிலுக்கும் கோட்டைக்கும் வெளிக்கிட்டிட்டு, சாகக் கிடக்கிற ஆளின்ரை முகத்திலை முழிக்கிறதே? திங்கள் போவம்.”

பயணத்தைத் தள்ளிப்போட்டால் சேர்த்த ஆட்களிடம் என்ன சொல்வது என்ற வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. பெரியம்மாவின் மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“ஞாயிறு சிகிரியா போறம் அக்கா. திங்கள் கட்டாயம் வாறம்.”

“ஓம்” என்று மட்டும் சொல்லி அவர் போனை வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா இறந்துவிட்டதாக அக்கா அறிவித்தார். பயணத்துக்குப் புளிச்சோறு கட்ட அம்மா குசினியில் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதே?” என்றார். அதைத்தான் முதலில் சொன்னார்.

கூடப்பிறந்தவளின் செத்தவீட்டை விட்டுவிட்டுக் கோட்டை ஏறினால் ஊர் காறித் துப்பும். ஞாயிறு காலை, பேசிய அதே வானில் பூவரசங்குளம் போனோம்.

அம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்துக் குழறினார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து, பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்.

“சித்தி, அம்மா என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவா. ‘நான் செத்தாலும் திங்கள் வரைக்கும் அவளுக்கு அறிவியாதை, அவள் ஆசைப்பட்ட இடத்துக்குப் போயிட்டு வரட்டும்’ எண்டு. எனக்குத்தான் மனம் வரேல்லை. அதுதான் உடனை அறிவிச்சனான்.”

அம்மாவின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. அம்மாவிடம் அதைச் சொன்னதற்காக அக்காவின் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.