வெள்ளைக் கிளை கேட்டவள்

என் மனைவிக்கு வயிறு எரிகிற நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. எரிச்சலெல்லாம் ஒரே ஆள்மீதுதான்: என் அண்ணி. அண்ணி வீட்டு முன்னறையில் இரண்டு பேரும் சேர்ந்து தையல் கடை நடத்தினார்கள். அண்ணி அளவெடுத்து வெட்டித் தைப்பார். இவள் அதில் பூவேலை செய்வாள். இவள் ஊசி பட்டால் கழுத்துப்பட்டியில் கொடி ஓடும், பறவை வந்து உட்காரும். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும், "பெரியவங்க இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். போதாதா!

"உசிரைக் குடுத்துப் பூப் போடுறவ நான். பேரைத் தட்டிக்கிட்டுப் போறது அவங்க," என்று என்னைப் பிடித்துக் காய்ச்சுவாள், ஏதோ நான்தான் வாடிக்கையாளர்களை அனுப்பி வைத்த மாதிரி.

கடைசியில் இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டுவிட்டாள். கிளம்புகிற அன்று அவள் கண் அண்ணியின் ஜன்னலில் இருந்த மணி பிளாண்ட்மேல் விழுந்தது. பச்சையும் வெள்ளையும் கலந்த இலைகள். ஒரே ஒரு கிளை மட்டும் சுத்த வெள்ளை. கடைக்கு வருகிறவர்கள் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.

"எனக்கு அந்த வெள்ளைக் கிளைதான் வேணும்க்கா."

"அது பிழைக்காதும்மா. பச்சை கலந்ததா வெட்டித் தரேன்."

"பாத்தீங்களா? நல்லதைக் குடுக்க மனசு வரல," என்று என் காதைக் கடித்தாள். அண்ணிக்கும் கேட்டிருக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து வெள்ளைக் கிளையை வெட்டிக் கொடுத்துவிட்டார்.

புதுக் கடையில் அது கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளை வெளேரென்று நின்றது. பார்த்தவர்கள் அசந்துபோய்த் துணி கொடுத்தார்கள். இவள் தைத்த கவுன்களில் ஒரு தோள் ஏறியிருந்தது, ஒரு தோள் இறங்கியிருந்தது. பூ மட்டும் பிரமாதம். துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கிளையும் ஓரத்திலிருந்து பழுப்பாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் மாற்றினாள், உரம் போட்டாள், வெயிலில் வைத்தாள். ம்ஹூம். பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கைக்குப் படம் போட்டு முழு மார்க் வாங்கியவன் நான். என்ன பிரயோஜனம்?

"உங்க அண்ணி கண்ணு வெச்சுட்டாங்க!" என்று காய்ந்த கிளையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சாகப்போற கிளைன்னு தெரிஞ்சுதானேக்கா குடுத்தீங்க?"

அண்ணி மிஷினை நிறுத்தினார். "சொன்னேனேம்மா. பச்சை இருந்தாத்தான் இலை சமைக்கும். வெளிச்சத்துல, தண்ணியையும் காத்தையும் சேர்த்துச் சர்க்கரை பண்ணி, செடி முழுக்க அனுப்பும். வெள்ளைக்குச் சமைக்கத் தெரியாது. பச்சை அனுப்புறதைத் தின்னுதான் அது அவ்வளவு அழகா இருக்கும். தனியா வெட்டினா, தண்டுல சேர்த்து வெச்சது தீர்ற வரைக்கும்தான்."

சுவரில் அண்ணி தைத்த சட்டைகள் தொங்கின. தோளெல்லாம் கச்சிதம்; கழுத்துப்பட்டியெல்லாம் வெறுமை. இவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போனது.

"அப்போ நான்தான் அந்த வெள்ளையாக்கா? உக்காந்து திங்கிறவளா?"

"போடி பைத்தியம். நீ போனதுலேருந்து இந்த வாசல்ல ஒருத்தர்கூட நின்னு பார்க்கல. நானும் பூப் போடுறேன்னு எத்தனை துணியைப் பாழாக்கினேன் தெரியுமா? உன் கையைப் பார்த்து எனக்கு எத்தனை வருஷமாப் பொறாமை!"

இவள் சுவரிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு நூல் கோத்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்: "பொறாமைன்னுதானே சொன்னாங்க? என்மேலதானே? நீங்களும் கேட்டீங்கல்ல?"