நான் கொடுக்காத குருவிப் புத்தகம்

தொண்ணூறுகளில் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் இருந்த தமிழ் அம்மாக்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த படப் புத்தகங்களை வீட்டுக்கு வீடு சுற்ற விட்டோம். முதலில் படித்து, உள்ளட்டையில் ஒட்டிய தாளில் அபிப்பிராயம் எழுதுவது என் வேலை. பிள்ளைக்குப் படித்துக்காட்டிய அம்மா, அதன் கீழே ஒரு வரி எழுதித் திருப்பித் தர வேண்டும். பெரிய விமர்சகி என்று எனக்கு நினைப்பு.

ஒரு புத்தகத்தில், இரை தேடப் போன தாய்க்குருவி திரும்பி வரவே இல்லை. 'குழந்தைகள் பயப்படும். வேண்டாம்' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டேன்.

எதிர் பிளாக்கில் நாலு வயது மகளோடு இருந்தவள் ஒரு மதியம் வந்தாள்.

"அம்மா திரும்பி வராத குருவிக் கதைன்னு சொன்னீங்களே, அத குடுங்களேன்."

"ஐயோ, அது எதுக்கு? குழந்தை அழுதுடும். இத ட்ரை பண்ணுங்க."

யானையின் பிறந்தநாள் கதையை அவள் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு என்ன வியாதி என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மூன்று மாதம் கழித்து, காரியமெல்லாம் முடிந்தபின், அவள் கணவர் யானைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் பாராட்டுக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'நல்லா சிரிச்சா. ஆனா இதுல அம்மா கடைசி வரைக்கும் கூடவே இருக்காங்க.'

குருவிப் புத்தகத்தை அப்போதாவது அவரிடம் கொடுத்திருக்கலாம். உள்ளே இருக்கும் என் 'வேண்டாம்' அவர் கண்ணில் படுமே என்று பயந்து கொடுக்கவில்லை. அதன்பின் நாலு வீடு மாறிவிட்டோம். அது கூடவே வருகிறது.