முடியில்லாத மகளுக்குத் திருத்தணியில் மொட்டை

நடக்கவே மாட்டாளோ என்று நாங்கள் பயந்த மகள், 2006 தை மாதம் திருத்தணி மலைப்படி ஏறினாள். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், அதற்குத்தான் இந்தப் பதிவு.

காவ்யாவுக்கு ஏழு வயது. கைக்குழந்தையிலேயே முடி கொட்டி, கால் எலும்பும் வளைந்துவிட்டது. வெயிலில் காட்டினோம், வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தோம். பிறகுதான் ஒரு டாக்டர் புரியவைத்தார். வைட்டமின் டி உடம்பில் ஹார்மோனாக மாறுகிறது. செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பி என்றொரு புரதம் வேண்டும். இவளுக்கு அந்த ஏற்பியே பழுது. ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருந்தும் குடல் கால்சியத்தை உறிஞ்சவில்லை. முடி வேருக்கும் அதே புரதம் வேண்டுமாம். நான் அக்கா மகளைக் கட்டியவன்; பழுதான மரபணு எங்கள் இருவரிடமிருந்தும் அவளுக்குப் போயிருக்கிறது. குடலை நம்பாமல் கால்சியத்தை ஊசி வழியே நேராக ரத்தத்தில் மாதக்கணக்கில் ஏற்றினோம். எலும்பு கெட்டிப்பட்டது. முடி மட்டும் வரவில்லை.

இதற்கு நடுவே என் மனைவி, குழந்தை நடந்தால் தணிகையில் மொட்டை என்று வேண்டிக்கொண்டாள். "முடியே இல்லாதவளுக்கு மொட்டையா?" என்று கேட்டேன்.

"நேந்துகினது நேந்துகினதுதான் மாமா" என்றாள்.

சென்னையிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். அடிவாரத்தில் மகளைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தேன். "தூக்காதப்பா!" என்று என்னைத் தள்ளிவிட்டு ஏறினாள். அங்கங்கே உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பின்னால் வந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது, கண்ணும் கலங்கியது.

மேலே மொட்டையடிப்பவர் அவள் தலையைப் பார்த்துவிட்டு, "எதை எடுக்கறது நைனா?" என்றார்.

"கத்திய சும்மா வச்சி எடுங்க. மிச்சத்த முருகன் பாத்துப்பான்" என்றாள் மனைவி. அவரும் சிரிக்காமல் தலையை நனைத்து, கத்தியின் முதுகால் தொட்டு, சந்தனம் பூசிவிட்டார்.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் படியேறிவிடுங்கள். கிருத்திகையன்று குழந்தைகளோடு போகாதீர்கள். முடியாதவர்களுக்கு மேல்வரை வண்டிப்பாதை உண்டு. குழந்தையின் கால் வளைவு மருந்துக்குச் சரியாகவில்லையா? வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

மொட்டையடிக்கும் மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைக் குழந்தைகள். காவ்யா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தாள்.

"பாவம்ப்பா. இவங்கல்லாம் எத்தினி ஊசி போட்டுகினு ஏறி வந்தாங்களோ!"

"அவங்களுக்கு ஊசியே இல்லம்மா. சும்மா ஏறி வந்தாங்க."

மறுபடி புளிசாதத்தில் கை வைத்தாள்.

"அப்போ நான்தான் ஃபர்ஸ்ட்டு."