கடைவாய்ப் பல்லும் ஒரு நாமாவளியும்

பல் போன இடம் வலித்ததைவிட மனிதர்கள் படுத்திய பாடுதான் அதிகம். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. இரண்டு வருஷமாக என்னை வதைத்த கடைவாய்ப் பல், ஒரு புதன்கிழமை ராத்திரி தூங்கவே விடவில்லை. மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தாதரில் ஒரு பார்சி டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அவர் சொன்னார்: கொப்பளிக்கக்கூடாது, சூடாக எதுவும் குடிக்கக்கூடாது, நாலு நாள் வாயைத் திறக்கவே கூடாது.

நாலு நாள் என்றதும் எனக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மாதுங்கா கட்டிடத்தில் ராதா கல்யாணம். ஆறு வருஷமாக அந்தப் பஜனையில் முன்பாட்டு நான்தான். நான் ஓர் அடி பாடுவேன். கூட்டம் அதையே திருப்பிப் பாடும். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, அதை ஒளிப்பானேன்.

எங்கள் கட்டிடத்தில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் வந்து விசாரிக்காமல் இருப்பது பெரிய குற்றம். மூன்று மாடிக்காரர்களும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். எப்படி ஆச்சு, எப்போது ஆச்சு, வேர் முழுதாக வந்ததா என்று பேசக்கூடாதவனிடமே கேட்டார்கள். நான் கன்னத்தைக் காட்டினால், என் மனைவி ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பிப்பாள். ஒருவர் கிராம்பு கொண்டுவந்தார். இன்னொருவர், செம்பூரில் தன் மைத்துனருக்கு இப்படித்தான் பிடுங்கப்போய் முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது என்று ஆறுதல் சொன்னார். எழுந்து போகும்போது ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடித்ததுபோல, பல் போனால் சொல் போச்சு என்றார்கள். பதினோரு பேர் வரைக்கும் எண்ணினேன். வந்தவர்களுக்கெல்லாம் ரேஷன் சர்க்கரை போட்டுச் சூடான காப்பி. எனக்கு மட்டும் ஆறிப்போன காப்பி. அதைக் குடிப்பதும் கழுநீரைக் குடிப்பதும் ஒன்றுதான்.

சனிக்கிழமை பஜனைக் காரியதரிசி வந்தார். அவர் உட்காருவதற்குள் நான் ஒரு காகிதத்தில், நாளைக்கு நான் பாடுவேன் என்று எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க உடம்பைப் பாத்துக்கோங்கோ. கல்யாண்லேர்ந்து அவன் வரான். நேத்தே சொல்லி அனுப்பியாச்சு."

அவன் கல்யாண் ஊரில் ஒரு ரயில்வே குமாஸ்தா. இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்து, என் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகப் பிடித்துக்கொண்டவன். எனக்கு வந்த கோபத்தில் மிச்சப் பற்களை நறுக்கென்று கடித்தேன். உயிர் போய் உயிர் வந்தது.

ஞாயிறன்று கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். எங்கேயாவது தப்புவான் என்றுதான் காத்திருந்தேன். பாவி, நன்றாகவே பாடினான். கடைசியில், எல்லாருக்கும் பிடித்த அந்த நாமாவளி வந்தது. அதில் 'மாதவா' என்று மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட இழுப்பு உண்டு. அவன் இழுத்தான், பாதியில் டக்கென்று வாயை மூடினான், ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி இழுத்தான். கூட்டம் மொத்தமும் அதே இடத்தில் மூடித் திறந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பாலக்காட்டில் பாடம் செய்தபோது அங்கே நிறுத்தலே கிடையாது. வாயை அகலத் திறந்தால் அந்தப் பல்லில் காற்றுப் பட்டு ஆணி அடித்ததுபோல் வலிக்கும். அதனால் அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். இரண்டு வருஷமாக என் பல்வலியை இவர்கள் பக்தியோடு மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அதற்கு முந்தின நாலு வருஷம் நான் நிறுத்தாமல் பாடியது ஒருவருக்கும் ஞாபகமில்லை. வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை.

புண் ஆறிய பிறகு மறுபடி முன்பாட்டுக்கு உட்கார்ந்தேன். வலி இல்லை, பயமில்லை. 'மாதவா'வை ஒரே மூச்சில் இழுத்தேன். கூட்டம் வழக்கமான இடத்தில் நின்றது. தாளம் தட்டுக்கெட்டு, மிருதங்கமும் நின்றுவிட்டது. கல்யாண்காரன் குனிந்து வெகு மரியாதையாக, "மாமா, அங்கே ஒரு நிறுத்தல் உண்டு. விட்டுப்போச்சு" என்றான்.

நான் பல்லின் கதை முழுவதையும் சொன்னேன். பல் இருந்த குழியைக் காட்டினேன். காரியதரிசி எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார்.

"இருக்கட்டும். நம்ம மாதுங்கா பாடாந்தரம் அப்படியாக்கும். உங்க ஒரு பல்லுக்காக அதை மாத்தப்படாது."

முன்பாட்டு என்னிடமே இருந்தது. அன்றிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம், வலியே இல்லாமல், வாயை மூடித் திறக்கிறேன்.