சம்பந்தியின் ஆறு வயதுச் சொந்தத்தைத் தேடி மெல்பேர்னுக்கு

இந்த ஈஸ்டர் விடுமுறைக்கு நான் மெல்பேர்ன் போனது ஊர் பார்க்க அல்ல. என் மனைவியின் தமையன் குணம் மச்சான் மல்கிரேவில் இருக்கிறார். அவருடைய மகள் போன வருடம் ஓர் அமெரிக்கப் பொடியனைக் கட்டி, இப்போது இரண்டு பேரும் கிளென் வேவர்லியில் குடியிருக்கிறார்கள். பொடியனின் தாய் மார்கரெட் முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டுக்கு வந்தார். கங்காரு, பென்குயின் ஒன்றும் வேண்டாமாம். தங்கம் தோண்டிய காலத்தில் அவருடைய பூட்டனின் தகப்பன் மெல்பேர்னில் அமெரிக்க அரசாங்கத்தின் கொன்சலாக, அதாவது தூதரக அதிகாரியாக, இருந்தவராம். அந்த மனிதரின் ஆறு வயது மகள் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறாள். அந்தக் கல்லைப் பார்த்து, ஊரில் படுக்கையில் இருக்கும் தன் தாய்க்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். அது ஒன்றுதான் கேட்டார்.

"நோ ப்ராப்ளம், நான் கண்டுபிடிச்சு வைக்கிறன்" என்று மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு தரம் போய்த் தேடியும் கல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"ஐசே, ஒருக்கா வாரும். கல்லுக் கிடைக்காட்டி நீர் ஏதாவது பகிடி விட்டுச் சமாளிக்க வேணும். முதல் முதல் வந்த சம்பந்தி, முகத்தை எங்க கொண்டு வைக்கிறது?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு இப்படி ஒரு பதவி கிடைத்தால் விடலாமா? சனி விடியற்காலை ஐந்து மணிக்கு, நான் குடியிருக்கும் செவன் ஹில்ஸில் காரை எடுத்தேன். மல்கிரேவ் வரை ஏறத்தாழ 880 கிலோமீற்றர், மூன்று இடத்தில் நின்று போகப் பத்தரை மணித்தியாலம், பெற்றோல் 130 டொலர். பாதி வழிக்குக் கொஞ்சம் அப்பால் ஹோல்புறூக் என்ற ஊரில் புல்வெளியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. கடல் எங்கே, அந்த ஊர் எங்கே. தேத்தண்ணி குடிக்க நல்ல இடம்.

பின்னேரம் வீட்டுக்குள் கால் வைக்கும்போது, குசினியில் மச்சான் தன் மனைவி வசந்தி அக்காவுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "எந்த ஊர், எந்தக் கோயில், ஆற்ற பகுதி எண்டு அவவைத் துருவப்படாது. வெள்ளைக்காரர் அதுகளை விரும்பாயினம்."

"அப்ப சம்பந்தியோட நான் என்னத்தைக் கதைக்கிறது? மழை வெயிலையோ?" என்று அக்கா அகப்பையைக் கீழே வைத்தார்.

இரவுச் சாப்பாட்டில் மார்கரெட்டே கதையைச் சொன்னார். கொன்சல் முதலில் ஒரு சின்ன ஊரில் பத்திரிகை நடத்தியவர். தேர்தலில் ஒரு கட்சிக்காக எழுதித் தள்ளினார். கட்சி வென்றது, அதற்குச் சன்மானம் இந்தப் பதவி. மனைவியையும் மகள் எலனையும் கூட்டிக்கொண்டு பாய்க்கப்பலில் மூன்று மாதத்துக்கு மேல் வந்திருக்கிறார். வந்து பார்த்தால், அமெரிக்கக் கப்பல்களில் வந்த மாலுமிகள் கப்பலை விட்டுவிட்டுத் தங்கம் தோண்ட ஓடியிருக்கிறார்கள். கப்பித்தான்மார் கொன்சல் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார்களாம். வருத்தக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், கையில் காசில்லாதவனைக் கப்பலேற்றுவதும் அவர் தலையில்தான். இன்றைக்கு எங்கள் ஊர்ச்சங்கத் தலைவர்கள் பார்க்கும் அதே வேலை, ஆனால் கொன்சலுக்குச் சம்பளம் உண்டு.

அடுத்த வருடம் எலன் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு பிறந்த ஆண்பிள்ளைக்கு மெல்பேர்ன் என்று நடுப்பெயர் வைத்தார்கள். அவர்தான் மார்கரெட்டின் பூட்டன்.

"நல்ல காலம், பக்கத்து ஊர் டண்டினோங்கில பிறக்கேல்ல" என்றேன். மார்கரெட்டுக்குச் சிரிப்பில் புரைக்கேறியது.

பிறகு அமெரிக்காவில் ஆட்சி மாறியது, கொன்சல் பதவி வேறு கட்சிக்காரனுக்குப் போனது. குடும்பம் கப்பலேறியபோது, கரை மறையும்வரை எலனின் தாய் கப்பலின் பின்பக்கத்தை விட்டு அசையவில்லையாம். இதைச் சொல்லும்போது மார்கரெட் சிரிக்கவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். நான் பிட்டைப் பார்த்தேன்.

ஞாயிறு காலை நாங்கள் நாலு பேர் புறப்பட்டோம். மகளுக்கும் மருமகனுக்கும் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். கிளென் வேவர்லியில் ரயில் ஏறினால் நாற்பது நிமிடத்துக்குள் நகரம். அங்கிருந்து சுவான்ஸ்டன் வீதி வழியாக வடக்கே போகும் ட்ராம். எலனைப் புதைத்த பழைய இடுகாடு பெரியது, ஒரு சின்ன ஊர் அளவு. ஈஸ்டர் என்பதால் அலுவலகம் பூட்டு.

மச்சான் நேரே இங்கிலாந்துத் திருச்சபைப் பகுதிக்குக் கூட்டிப்போனார். இரண்டு மணித்தியாலம் கல்லுக்குக் கல் குனிந்து பார்த்தோம். என்னிடமிருந்த பகிடி முழுக்க முடிந்தது. மார்கரெட் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "பரவாயில்லை, அவள் இருக்கும் மண்ணில் நடந்தேன் என்று அம்மாவுக்குச் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மச்சானின் முகம் கருகிப்போனது.

வசந்தி அக்காவுக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. "மார்கரெட், யுவர் பீப்பிள், விச் சேர்ச்?" என்று கேட்டேவிட்டார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்கரெட் சந்தோஷமாகத் தொடங்கினார். பரம்பரையாக மெதடிஸ்ட், தாத்தா பிரசங்கி, தான் பாடகர் குழுவில். ஒருவரும் தன்னிடம் இதைக் கேட்கவில்லையே என்றார்.

"மெதடிஸ்ட் பிள்ளையை இந்த மனுசன் ஏன் இங்கிலீஸ்காரற்ற காணிக்குள்ள தேடுது?" என்றார் அக்கா.

"வெள்ளைக்காரர் எல்லாருக்கும் ஒரே கோயில் எண்டு நினைச்சிட்டன்" என்றார் மச்சான்.

"எங்கட ஆக்கள் ஒழுங்கைக்கு ரெண்டு கோயில் கட்டேக்க, அவங்களுக்கு மட்டும் ஒண்டு காணுமோ மச்சான்?" என்றேன்.

வாசலில் இருந்த, சபைவாரியாகப் பிரித்த வரைபடத்தில் மெதடிஸ்ட் என்று ஒன்றும் இல்லை. வெஸ்லியன் என்பதுதான் அந்தக் காலத்துப் பெயர் என்று மார்கரெட் விரலை வைத்துக் காட்டினார். அந்தப் பகுதியின் நாலாவது வரிசையில், பாதி மண்ணுக்குள் இறங்கிய சின்னக் கல். எலன், ஆறு வயது, அமெரிக்கக் கொன்சலின் மகள். வேறு ஒன்றும் எழுதியில்லை.

மார்கரெட் புல்லில் இருந்துவிட்டார். அக்கா தன் சால்வையை நனைத்து, பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரிக் கல்லைத் துடைத்தார். மச்சான் படம் எடுத்தார். அம்மாவுக்குப் படம் போனதும் மார்கரெட் சொன்னார்: "புதன்கிழமை எனக்கு விமானம். நானும் இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் போகிறேன்."

அக்கா விரல் மடித்து முறை பார்த்தார். "உங்கட பூட்டன்ர தமக்கையெண்டா, எங்கட மருமகனுக்குப் பூட்டிக்கும் மேல, ஓட்டி முறை. அப்ப எங்களுக்கும் சொந்தம். நாங்கள் மல்கிரேவிலதானே இருக்கிறம். தனிய எண்டு ஆர் சொன்னது?"

நான்தான் மொழிபெயர்த்தேன். என் ஆங்கிலம் உடைந்த ஓடு, ஆனாலும் அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. எழுந்து அக்காவைக் கட்டிப்பிடித்தார்.

இப்படித் தேடிப் போக நினைப்பவர்களுக்கு: உள்ளே போகக் காசில்லை. அலுவலகம் திறந்திருக்கும் வேலை நாளில் போங்கள். தண்ணீர்ப் போத்தலும் மூடின சப்பாத்தும் வேண்டும். தேடும் ஆள் எந்தச் சபை என்று முதலில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். வெஸ்லியன் பகுதி நாலாவது வரிசையில் ஒரு சின்னக் கல்லின்மேல் செவ்வந்திப் பூவைக் கண்டால் எடுத்துப் போடாதீர்கள். ஓட்டிக்கு எங்கள் வசந்தி அக்கா வைத்தது.